பழைய ஆடம்பரக் கைக்கடிகாரத்தை ஏலத்தில் எடுப்பது எப்படி? கேட்லாக்கைத் திறப்பதில் இருந்து கையில் கட்டுவது வரை

2017 அக்டோபர் 26 அன்று, நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ஒரு ரோலெக்ஸ் டேடோனா வந்தது. மாடல் எண் 6239. ஸ்டீல் கேஸ் (வெளிக்கூடு), தினமும் சாவி கொடுத்து ஓட்டும் இயந்திரம். தங்கமோ வைரமோ மருந்துக்கும் கிடையாது. பத்து லட்சம் டாலருக்கு மேல் போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். முதல் ஏலக் கேள்வியே தொலைபேசி வழியாக ஒரு கோடி டாலர் என்று வந்தது. சுமார் 12 நிமிடங்களில் 1.55 கோடி டாலருக்குச் சுத்தியல் விழுந்தது. வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கொடுக்கும் கட்டணத்தோடு சேர்த்தால் 1,77,52,500 டாலர்.

அதே காலத்தில், அதே தொழிற்சாலையில் இருந்து வந்த, சாதாரண டயல் உள்ள இன்னொரு 6239 இந்த விலையில் நூற்றில் ஒரு பங்குக்குக்கூடப் போகாது. எடையும் இயந்திரமும் கேஸும் ஒன்றுதான். டயலும், அதைக் கட்டியிருந்த மனிதரும், அதற்கான ஆதாரமும்தான் வேறு. அதனால் பழைய கடிகாரத்தை ஏலத்தில் எடுக்க நினைப்பவருக்கு வேலையில் பெரும்பகுதி ஏலத்துக்கு முன்பே இருக்கிறது. அந்த வேலையை வரிசையாகப் பார்ப்போம். வாங்கும் எண்ணம் இல்லாமல், இந்த விலைகள் எப்படி வருகின்றன என்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் இது உதவும்.

படி 1: பிராண்டை விடுங்கள், ஒரு மாடல் எண்ணைப் பிடியுங்கள்

"ஒரு பழைய பட்டேக் ஃபிலிப் வேண்டும்" என்று தொடங்கினால் எங்கேயும் போய்ச் சேரமாட்டீர்கள். இந்த உலகத்தில் பேச்செல்லாம் மாடல் எண்களில்தான். ஒரே எண்ணை எடுத்துக்கொண்டு அதை மட்டும் சில மாதங்கள் படியுங்கள்.

உதாரணத்துக்கு பட்டேக் ஃபிலிப் 1518. 1941-இல் வந்தது. லீப் வருடத்தைக்கூடத் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும் நிரந்தர நாட்காட்டியும், நேரத்தை நிறுத்தி அளக்கும் குரோனோகிராஃபும் ஒன்றாகச் சேர்ந்து வரிசையாக உற்பத்தியான முதல் கைக்கடிகாரம் இதுதான். அகலம் 35 மில்லிமீட்டர். இன்றைய கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும். 1950-களின் நடுப்பகுதி வரை மொத்தம் 281 செய்தார்கள். பெரும்பாலானவை மஞ்சள் தங்கம், ஒரு பகுதி ரோஸ் தங்கம். ஸ்டீலில் நமக்குத் தெரிந்தவை நான்கே நான்கு.

இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள். தங்கத்தைவிட ஸ்டீலுக்கு விலை அதிகமா? ஆமாம், பல மடங்கு அதிகம். அந்தக் காலத்தில் இவ்வளவு நுணுக்கமான இயந்திரத்தைச் செய்தால் அதைத் தங்கத்துக்குள்தான் வைப்பார்கள். ஸ்டீலில் கேட்டவர்கள் அபூர்வம், அதனால் இன்று கிடைப்பதும் அபூர்வம். அந்த நான்கில் ஒன்று 2016 நவம்பரில் ஜெனீவாவில் 1,10,02,000 சுவிஸ் ஃபிராங்குக்கு விற்றது. அதே கடிகாரம் 2025 நவம்பரில் திரும்பவும் ஃபிலிப்ஸ் ஏலத்துக்கு வந்து 1,41,90,000 ஃபிராங்குக்குக் கைமாறியது.

செய்தியில் படிக்கும்போது பிரமாதமான லாபம் போலத் தெரியும். கணக்குப் போட்டால் ஒன்பது வருடத்தில் 29 சதவீதம். ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் இந்த விலைக்குள் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கொடுக்கும் கட்டணமும் அடக்கம், விற்றவருக்கு அது போய்ச் சேராது. உலகிலேயே தலைசிறந்த மாதிரிக்கே இந்த நிலை என்றால், "முதலீடு" என்று சொல்லி யாராவது உங்களுக்குக் கடிகாரம் விற்க வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். பிடித்ததால் வாங்குங்கள்.

மாடலை முடிவு செய்ததும் பழைய ஏல முடிவுகளை எடுத்து வையுங்கள். ஃபிலிப்ஸ், கிறிஸ்டீஸ், சோதபீஸ், ஆண்டிகோரம் ஆகிய நான்கு ஏல நிறுவனங்களும் பழைய முடிவுகளைத் தங்கள் இணையதளங்களில் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஐம்பது டயல்களைப் பார்த்த கண்ணுக்கு, தப்பான ஐம்பத்தோராவது டயல் தானாகவே உறுத்தும். ஜெனீவாவில் பெரிய கடிகார ஏலங்கள் மே மாதத்திலும் நவம்பரிலும் நடக்கும். ஒரு சுற்றை வாங்காமல் கவனித்துவிட்டு அடுத்த சுற்றில் இறங்கலாம்.

படி 2: கேட்லாக்கில் என்ன எழுதவில்லை என்று பாருங்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு லாட் எண், மதிப்பீட்டு விலை, விவரக் குறிப்பு, படங்கள் இருக்கும். மதிப்பீடு பெரும்பாலும் ஆசை காட்டும் விலை. குறைவாகப் போட்டால்தான் நிறையப் பேர் கை தூக்குவார்கள். விற்பவர் இதற்குக் கீழே தரமாட்டேன் என்று வைத்திருக்கும் ரகசிய அடிவிலை ஒன்று உண்டு. வழக்கமாக அது மதிப்பீட்டின் கீழ் எண்ணைத் தாண்டாது. அந்த அடிவிலை வரும்வரை ஏலம் நடத்துபவர் விற்பவர் சார்பில் தானே விலை ஏற்றிக்கொண்டு போகலாம். அது விதிகளிலேயே இருக்கிறது, மோசடி அல்ல.

லாட் எண்ணுக்குப் பக்கத்தில் வட்டம், முக்கோணம் என்று சின்னக் குறியீடுகள் இருக்கும். அவற்றின் அர்த்தம் கேட்லாக்கின் கடைசியில், யாரும் படிக்காத பக்கத்தில் கிடைக்கும். ஏல நிறுவனத்துக்கே அந்தப் பொருளில் பங்கு இருக்கிறதா, வெளியாள் யாராவது குறைந்தபட்ச விலைக்கு ஏற்கெனவே உத்தரவாதம் கொடுத்திருக்கிறாரா, இறக்குமதி வரி கட்ட வேண்டுமா, வாரில் முதலைத் தோல் இருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான். முதலைத் தோல் சின்ன விஷயம் இல்லை. வனவிலங்கு வர்த்தகச் சட்டங்களின்படி அனுமதிப் பத்திரம் இல்லாமல் அதை வேறு நாட்டுக்கு அனுப்ப முடியாது. பல நிறுவனங்கள் வாரைக் கழற்றிவிட்டுத்தான் கடிகாரத்தை அனுப்பும்.

விவரக் குறிப்பில் கேஸைப் பற்றி இரண்டு பத்தி புகழ்ந்துவிட்டு டயலைப் பற்றி ஒரு வரியோடு நகர்ந்தால், கேள்வி கேட்க வேண்டிய இடம் டயல். நிலை அறிக்கை என்று தனியாக ஒன்று கேட்டு வாங்கலாம், இலவசம்தான். அதோடு நிற்காமல் குறிப்பாகக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்: டயல் மறுபடி அச்சடிக்கப்பட்டதா? முள்கள் அந்தக் காலத்தவையா? கேஸுக்குப் பாலீஷ் போட்டிருக்கிறார்களா? ஒளிரும் பூச்சு பழையதா? பதில் எழுத்தில் வரட்டும். தொலைபேசியில் சொன்னது பிற்பாடு எதற்கும் நிற்காது.

படி 3: கடிகாரத்தைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பாருங்கள்

முடிந்தால் ஏலத்துக்கு முந்தைய காட்சி நாட்களில் நேரில் போங்கள். கையில் எடுத்துப் பார்க்கக் கொடுப்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று போதும். போக முடியாதென்றால் அந்த ஊரில் உள்ள, விற்பனையில் சம்பந்தமில்லாத ஒரு கடிகார நிபுணருக்குக் கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். கொடுக்கும் விலைக்கு முன்னால் அந்தக் கூலி ஒன்றுமே இல்லை.

டயலில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் விலையில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது. லூப்பில் எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். மூல அச்சு கூர்மையாகவும் கொஞ்சம் மேடாகவும் நிற்கும். மறுபடி அடித்ததில் ஓரம் கசிந்திருக்கும், எழுத்து தடித்திருக்கும், கோடு கட்டத்தைத் தாண்டியிருக்கும். 6239-இல் சேகரிப்பாளர்கள் தேடுவது, நடிகர் பால் நியூமன் பெயராலேயே அழைக்கப்படும் வித்தியாசமான டயலை. அதன் சின்ன வட்டங்களில் கோடுகளின் நுனியில் குட்டிச் சதுரங்கள் இருக்கும், எண்கள் பழைய ஆர்ட் டெகோ பாணியில் இருக்கும், டயலின் வெளி ஓரத்தில் ஓடும் நொடிப் பட்டை சற்றே படியிறங்கி இருக்கும். சிங்கர் என்ற சுவிஸ் டயல் நிறுவனம் செய்தது. விற்காமல் கிடந்த அந்த டயல் இன்று கடிகாரத்தின் விலையைப் பல மடங்காக்குவதால், போலிகளும் அதே அளவுக்கு உற்பத்தியாகின்றன. சாதாரண 6239-இல் அசல் நியூமன் டயலைப் பிற்பாடு மாற்றிப் பொருத்துவதும் நடக்கிறது. அது போலியும் இல்லை, அசலும் இல்லை. விலை மட்டும் அசலுக்கு உண்டானதாக இருக்கும்.

இந்தக் கண் பயிற்சிக்கு ஜெனீவா போகத் தேவையில்லை. நம் ஊர் இணையச் சந்தைகளில் பழைய எச்.எம்.டி., ஃபேவர்-லூபா, வெஸ்ட் எண்ட் கடிகாரங்களுக்குப் பளபளவென்று நீலமும் ஆரஞ்சும் அடித்து, புது டயல் அச்சோடு விற்கிறார்கள் அல்லவா? ஒரு பழைய அசலையும் அப்படி அடித்த ஒன்றையும் பக்கத்தில் வைத்து லூப்பில் பாருங்கள். சில நூறு ரூபாயில் கிடைக்கும் பாடம்.

அடுத்து இருட்டில் ஒளிரும் பூச்சு. எனக்கு இந்தப் பரிசோதனையில்தான் அலாதி நம்பிக்கை, இயற்பியலை ஏமாற்றுவது கஷ்டம் என்பதால். 1960-களின் தொடக்கம் வரை எண்களிலும் முள்களிலும் ரேடியம் பூசினார்கள். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அதனோடு கலந்திருக்கும் ஒளிரும் பொருள் பழுதாகிவிடுவதால் இன்று வெளிச்சம் வராது, ஆனால் கதிரியக்கம் அப்படியே இருக்கும். 1950-களைச் சேர்ந்த ரேடியம் டயல் என்று சொல்லும் கடிகாரத்தின் முன்னால், கதிரியக்கத்தைக் கண்டுபிடிக்கும் கைகர் கருவியைப் பிடித்தால் அது கடகடவென்று சத்தம் போட வேண்டும். அமைதியாக இருந்தால் பூச்சைப் பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு டிரிட்டியம் வந்தது. அதன் அரை ஆயுள் வெறும் 12.3 ஆண்டுகள். டயலின் கீழ் ஓரத்தில் 'டி ஸ்விஸ் டி' என்று எழுதியிருப்பது அதைக் குறிக்கும். 1965 வாக்கில் செய்த டிரிட்டியம் டயல் இன்று இருட்டறையில் பளிச்சென்று ஒளிர்ந்துகொண்டே இருந்தால், நிச்சயம் புதுப் பூச்சு. டயலிலும் முள்ளிலும் பூச்சின் நிறம் வேறு வேறாக இருந்தாலும் காரணம் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: ரேடியம் கடிகாரத்தை வீட்டில் திறந்து பார்க்காதீர்கள். உதிரும் தூள் மூச்சில் போனால் ஆபத்து.

கேஸில் பார்க்க வேண்டியது உலோகம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை. பாலீஷ் போடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் போய்விடும். வாரைப் பிடிக்கும் கொம்புகளான லக்குகளின் ஓரம் கத்தி போல இருக்க வேண்டிய இடத்தில் சோப்பு போல வழுவழுப்பாக இருந்தால் பலமுறை தேய்த்திருக்கிறார்கள். தங்கக் கேஸின் முத்திரைகள் மழுங்கியிருக்கும். பழைய ரோலெக்ஸ்களில் வாரைக் கழற்றினால் லக்குகளுக்கு நடுவில் ஒரு பக்கம் மாடல் எண்ணும் மறுபக்கம் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். அவை மங்கி, ஆழம் குறைந்திருந்தாலோ மறுபடி வெட்டியது போல இருந்தாலோ சந்தேகப்படுங்கள். நம்மில் பலருக்குப் பழைய பொருள் பளபளவென்று இருந்தால்தான் திருப்தி. இந்தச் சந்தையில் நேர்மாறு. கீறலோடு, அழுக்கோடு, தேயாமல் இருப்பதுதான் விலை போகும். கருப்பு டயல் வெயிலிலும் ஈரத்திலும் பழுப்பாக மாறியிருந்தால் அதை 'டிராபிக்கல்' என்று கொண்டாடுவார்கள். அந்தப் பழுப்பையும் செயற்கையாக வரவழைக்கப் பார்ப்பவர்கள் உண்டு.

இயந்திரம், கிரௌன் (சாவி கொடுக்கும் திருகு), பட்டன்கள் எல்லாம் அந்த மாடலுக்கும் அந்த ஆண்டுக்கும் உரியவையா என்று பாருங்கள். பின்மூடியைத் திறந்த படத்தைக் கேட்டால் அனுப்புவார்கள். கடிகாரம் ஓடுவதற்கு ஏல நிறுவனம் பொறுப்பேற்காது, 'உள்ளது உள்ளபடி' விற்பனைதான். பெரிய நிறுவனங்கள் பொருள் அசல்தானா என்பதற்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம் தருவது வழக்கம். அது எதை உள்ளடக்கும், எதை விட்டுவிடும் என்று விதிமுறைகளைப் படியுங்கள்.

படி 4: கதைக்கு ஆதாரம் கேளுங்கள்

அந்த டேடோனாவின் கதை இதுதான். நியூமனின் மனைவி ஜோன் வுட்வர்ட் நியூயார்க் டிஃபனி நகைக்கடையில் வாங்கி, பின்மூடியில் 'டிரைவ் கேர்ஃபுல்லி மீ' என்று பொறித்துக் கணவருக்குக் கொடுத்தார். கார் பந்தயத்தில் இறங்கிய கணவரிடம், கவனமாக வண்டி ஓட்டச் சொல்லி மனைவி எழுதியது. 1984 கோடையில் மகள் நெல் நியூமனின் காதலர் ஜேம்ஸ் காக்ஸ் அந்த வீட்டில் வேலையாக இருந்தபோது நியூமன் மணி கேட்டிருக்கிறார். அந்த இளைஞரிடம் கடிகாரம் இல்லை. சாவி கொடுத்தால் நன்றாக ஓடும் என்று சொல்லித் தன்னுடையதையே கொடுத்துவிட்டார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விலை கதையால் வரவில்லை. நியூமன் அதைக் கட்டியிருக்கும் படங்கள் இருந்தன, பொறிப்பு இருந்தது, கொடுத்ததும் வாங்கியதும் ஒரே குடும்ப வட்டத்துக்குள் நடந்தது, மகளும் விற்பனைக்குத் துணை நின்றார். சங்கிலியில் விட்டுப்போன கண்ணியே இல்லை.

பத்திரங்களில் முக்கியமானது பதிவேட்டு நகல். பட்டேக் ஃபிலிப் தன் பழைய பதிவேடுகளைப் பார்த்து, இந்த எண்ணுள்ள கடிகாரம் எப்போது செய்யப்பட்டது, எப்போது விற்றது என்று எழுதித் தரும். ரோலெக்ஸ் பொதுமக்களுக்கு அப்படித் தருவதில்லை. அங்கே ரசீதும் உத்தரவாத அட்டையும்தான் கதி. பதிவேட்டு நகல் எண்ணைப் பற்றித்தான் பேசுகிறது, இன்று உங்கள் கையில் இருக்கும் டயலுக்கும் முள்ளுக்கும் அது சாட்சி சொல்லவில்லை.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021 நவம்பரில் ஜெனீவாவில் விற்ற ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 2915-1 போதும். 1957-இல் வந்த முதல் ஸ்பீட்மாஸ்டர் வகை, டயல் அழகாகப் பழுத்த பழுப்பு. மதிப்பீடு 80,000 முதல் 1,20,000 ஃபிராங்க். விலை போனது 31,15,500 ஃபிராங்குக்கு. வாங்கியது யார் தெரியுமா? ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-இல் அது பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கியது என்றும், தன் முன்னாள் ஊழியர்கள் சிலருக்கு இதில் தொடர்பு இருந்தது என்றும் அதே ஒமேகா அறிவித்தது. செய்த நிறுவனமே ஏமாறும் என்றால் நாம் எந்த மூலைக்கு? தயங்கி நிற்கச் சொல்லவில்லை. மதிப்பீட்டைப் போல இருபது, முப்பது மடங்குக்கு ஒரு பொருள் ஏறும்போது, 'ஏன்' என்று கேட்டுத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் கையைக் கீழே போடுங்கள்.

படி 5: சுத்தியல் விலை வேறு, கொடுக்கும் விலை வேறு

ஒரு லட்சம் ஃபிராங்குக்குச் சுத்தியல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் கட்டணம் 27 சதவீதம் என்றால் அங்கேயே 1,27,000 ஆகிவிட்டது. பொருள் சுவிட்சர்லாந்திலேயே இருந்தால் 8.1 சதவீத மதிப்புக் கூட்டு வரி. வெளியே அனுப்பினால் உரிய பத்திரங்களைக் காட்டித் தவிர்க்கலாம். அப்புறம் காப்பீட்டோடு அனுப்பும் செலவு, நாணய மாற்றில் போகும் தொகை, சர்வீஸ் செலவு.

இந்தியாவில் இருந்து வாங்கினால் இன்னும் இரண்டு கணக்கு. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் வெளியே அனுப்ப முடியும். பொருள் வந்து சேரும்போது சுங்க வரியும் ஐ.ஜி.எஸ்.டி.யும் கட்ட வேண்டும். கையில் கட்டிக்கொண்டு விமானத்தில் வந்தால் வரி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி வந்து, வரிக்குரிய பொருளை அறிவிக்க விமான நிலையத்தில் இருக்கும் சிவப்புப் பாதையில் அறிவிக்காமல் மாட்டினால் கடிகாரத்தையே பறிகொடுக்க நேரலாம். ஏலத்துக்கு முன்பே ஒரு சுங்க முகவரிடம் அன்றைய விகிதத்தைக் கேட்டு, மொத்தச் செலவில் இருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு உங்கள் உச்ச விலையை எழுதி வையுங்கள்.

படி 6: ஏல நாள்

பதிவு செய்ய அடையாளச் சான்றும் சில நேரம் வங்கிக் கடிதமும் முன்பணமும் கேட்பார்கள். நான்கு வழிகளில் கேட்கலாம்: அரங்கில், தொலைபேசியில், இணையத்தில், அல்லது உச்ச விலையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து. ஆசை அதிகம் உள்ளவருக்குக் கடைசி வழிதான் நல்லது என்பது என் கருத்து. தொலைபேசியில் இருக்கும் ஊழியர் மரியாதையாக, "இன்னும் ஒரே ஒரு தடவை கேட்கலாமா?" என்பார். அந்த ஒரே ஒரு தடவைக்கு விலை தோராயமாக பத்து சதவீதம்.

நம் ஊரில் ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுப்பதைப் போல அங்கேயும் சுத்தியலைத் தூக்கிப் பிடித்து, கடைசியாக ஒரு முறை அரங்கைச் சுற்றிப் பார்ப்பார்கள். விழுந்த பிறகு பின்வாங்க முடியாது, அது ஒப்பந்தம்.

படி 7: கைக்கு வந்த பிறகு

கெடுவுக்குள் பணத்தைக் கட்டுங்கள். தாமதித்தால் வட்டியும் சேமிப்புக் கட்டணமும் ஏறும். வந்ததும் பெட்டியைத் திறப்பதில் இருந்து படம் எடுத்து, நிலை அறிக்கையோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் அன்றே எழுதுங்கள்.

அப்புறம் சர்வீஸ். பல நல்ல கடிகாரங்கள் மதிப்பை இழப்பது இந்த மேசையில்தான். கம்பெனி சர்வீஸ் மையத்தில் கொடுத்தால், அக்கறையாகவே, பழைய டயலையும் முள்ளையும் எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, கேஸைப் பளபளக்க வைத்துத் திருப்பித் தந்துவிடக்கூடும். அதனால் ஒப்படைக்கும்போதே எழுத்தில் சொல்லுங்கள்: பாலீஷ் வேண்டாம், டயலையும் முள்களையும் பூச்சையும் தொட வேண்டாம், இயந்திரத்தைச் சுத்தம் செய்து எண்ணெய் மட்டும் விடுங்கள், எந்தப் பாகத்தை மாற்றினாலும் முன்கூட்டிக் கேளுங்கள், மாற்றிய பழைய பாகத்தை ஒரு சின்ன உறையில் போட்டுத் திருப்பித் தாருங்கள். அந்த உறை, சர்வீஸ் ரசீது, ஏல ரசீது, கேட்லாக், நிலை அறிக்கை, சுங்க வரி கட்டிய சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். நீங்களோ உங்கள் பிள்ளைகளோ என்றாவது விற்கப் போனால், ஏல நிறுவனம் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.